அக்னெஸ் அக்காவின் முப்பத்திரண்டாம் பக்கம்

அக்னெஸ் அக்கா படத்தில் நடித்தவர் என்று சொன்னால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தப் படம்? என் பதிலும் ஒன்றுதான். ஏழு படங்களில் கதவு திறந்திருக்கிறார். மணி அடிக்கும், கதாநாயகன் வாசலில் நிற்பான், வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் கதவைத் திறந்து "ஐயா வீட்டில் இல்லை" என்பாள். அந்தப் பெண்தான் அக்கா. எட்டாவது படத்தில் கதவைச் சாத்தினார்.

அதற்காக அவரைச் சின்ன நடிகை என்று எண்ணிவிடாதீர்கள். அவர் மேடையில் செய்ததை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் பிறந்தது இங்கிலாந்தில், ஹல் என்ற துறைமுக ஊரில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில். தகப்பன் மீன் இறக்கும் தொழிலாளி. பதினேழு வயதில் அக்கா ஊர் நாடகக் கொட்டகையில் தேத்தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனார். சுறுசுறுப்பைப் பார்த்து அவரைத் திரைக்குப் பின்னால் இருத்தி, நாடகப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். மேடையில் யாராவது வசனத்தை மறந்தால் மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கொட்டகையில் கிழமைக்கு ஒரு புது நாடகம். திங்கள் தொடங்கிச் சனி முடியும். பகலில் அடுத்த கிழமை நாடகத்துக்கு ஒத்திகை. ஒரு நாள் பெரிய நடிகைக்குக் காய்ச்சல். அக்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மேடை ஏறினார். முழு நாடகமும் அவருக்குப் பாடம். அதற்குப் பிறகு ஆறு வருடம், வருடத்துக்கு நாற்பது நாடகம். இத்தனையும் ஒரே தலைக்குள் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிறகு லண்டன், பிறகு அந்தக் கதவுகள். கனடாவில் மொன்றியல் நகரத்திலிருந்து லண்டனுக்கு வேலை பழக வந்திருந்த ஹென்றியை அங்கேதான் கண்டார். ஹென்றி வானொலியில் ஒலிக்காரர். நாடகத்தில் மழை வேண்டுமென்றால் தட்டில் பட்டாணியை உருட்டுவார். குதிரை வேண்டுமென்றால் சிரட்டை தட்டுவார்.

"அந்த மனிசன் மழை பெய்ய வைச்ச வடிவில மயங்கிப் போனன்" என்பார் அக்கா.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா கதைப்பது ஆங்கிலம். அதை எனக்கு விளங்கியபடி நான் தமிழில் சொல்ல, என் மருமகள் கோபிகா எழுதுகிறாள். ஆகவே அக்கா யாழ்ப்பாணத்துக்காரி மாதிரிக் கதைத்தால் யாரும் குறை பிடிக்க வேண்டாம்.

ஐம்பத்தெட்டில் இருவரும் கப்பலில் மொன்றியல் வந்தார்கள். வானொலி நாடகம், மேடை நாடகம் என்று அக்காவுக்கு வேலை நிறைய இருந்தது. எழுபத்தாறில் பிரெஞ்சுக்காரரின் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு ஆங்கிலம் பேசுகிற ஆட்கள் கூட்டம் கூட்டமாக ரொறன்ரோவுக்குப் போனார்கள். நாடகம் பார்க்க ஆளில்லை, போடவும் ஆளில்லை.

"நீங்கள் ஏன் போகேல்லை?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"ஹென்றிக்கு இஞ்சத்தைப் பனி பிடிக்கும். எனக்கு ஹென்றியைப் பிடிக்கும்."

வயிற்றுப் பிழைப்புக்கு, பிள்ளைகள் பார்க்கிற பிரெஞ்சுச் சித்திரப் படங்களுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தார். பதினாறு வருடம் ஒரு தாய்க்கோழிக்கு அவர்தான் குரல். இன்றைக்கும் கோட் டே நேஜ் தெருவில் ஒரு வளர்ந்த ஆம்பிளை அக்காவின் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், சின்ன வயதில் அந்தக் கோழியைப் பார்த்தவன் என்று விளங்கிக்கொள்வேன்.

தொண்ணூற்றொன்பதில் ஹென்றி போய்விட்டார். இரண்டு வருடத்தில் கண்ணும் போகத் தொடங்கியது. முழுக் குருடு இல்லை. நடுவில் மட்டும் தெரியாது. ஒருவரை நேரே பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை நிற்கும். காதைப் பார்த்தால் முகம் கொஞ்சம் தெரியும். எழுத்து என்றால், பெரிய பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தோண்டி எடுக்க வேண்டும். இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வந்தது, உடுப்புத் தோய்க்கிற மெசினால். நாங்கள் இருவரும் ஒரே கட்டடம். நான் மகன் வீட்டில் மூன்றாம் மாடி, அவர் இரண்டாம் மாடி. நிலவறையில் மெசின் இருக்கிறது. ஒரு நாள் காலையில் நான் கூடையோடு இறங்க, அவர் மெசினைப் பார்த்தபடி நின்றார்.

"சுடுதண்ணிப் பொத்தான் எது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவீரோ? கண்ணாடியை மேல விட்டிட்டு வந்திட்டன்."

"நானும் கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்" என்றேன்.

நான் என் வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை. எழுத்துத் தெரியாதவர்கள் வழக்கமாகச் சொல்கிற பொய் அது. கண் தெரியாதவர்களும் அதையே சொல்வார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இடப்பக்கத்தால மூண்டாவது" என்றேன் கடைசியில். "நாலாவதை அமத்தாதேங்கோ. என்ர சேலை அதிலதான் சுருங்கினது."

"வாசிக்காமலே தெரியுமோ?"

"சேலை போன பிறகு தெரியும்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே மேலே கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் தந்து, கண் போன கதையைச் சொன்னார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. நான் அவருக்குப் பாலா. பாலாம்பிகை என்று முழுதாகச் சொல்ல ஆறு மாதம் முயன்று விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் ஒரு நாடகத்தில் அவருக்குக் கெட்ட பெயர் வந்தது. கடிதம் ஒன்றை மேடையில் பிரித்து வாசிக்கிற காட்சி. நாடகக்காரர்கள் கடிதத்தைப் பாடமாக்குவதில்லை. எழுதியதையே கையில் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாசிப்பார்கள். ஒத்திகை முழுக்க அக்கா அதை வெறுமனே முணுமுணுத்துக் கடந்துவிட்டார். சனத்துக்கு முன்னால் பிரித்தபோது தாளில் புகைதான் இருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். நடிகர்களுக்குள் கதை பரவியது: கிழவிக்கு மறதி வந்துவிட்டது.

"மறதி எண்டு சொல்லட்டும். ஆனால் கண்ணைப் பற்றிச் சொன்னால், மேடை விளிம்பால விழுந்திடுவன் எண்டு ஒருத்தரும் பிறகு எடுக்கமாட்டினம்" என்றார் என்னிடம்.

"மறதிக்காரியை மட்டும் எடுப்பினமோ?"

ஒன்றரை வருடம் தொலைபேசி அடிக்கவில்லை.

இரண்டாயிரத்து நாலு தையில் அடித்தது. கத்தரின் என்ற பிரெஞ்சுக்கார இளம் இயக்குநர் ஒருத்தி. சென் லோரோன் தெருவுக்குப் பக்கத்தில் நூறு கதிரை உள்ள சின்ன அரங்கில் ஆங்கில நாடகம் போடுகிறாள். இரண்டே பாத்திரம். பழைய வீட்டை விற்கச் சொல்லி மகன் வருகிறான், தாய் ஒரு நாள் முழுக்க அவனோடு சண்டை பிடிக்கிறாள். தாய் வேடம் அக்காவுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை. மறதிக் கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது. மார்ச் முதல் சனிக்கிழமை, கையில் தாள் இல்லாமல், நாடகத்தை முழுதாகச் சொல்லிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆள்.

எழுபத்தைந்து வயதில் முக்கிய வேடம். கதவு திறக்கிற வேடம் இல்லை.

நாடகப் பிரதியை மருந்துக்கடையில் இருக்கிற போட்டோக் கொப்பி மெசினில் கொடுத்து, ஒரு எழுத்து என் சின்னிவிரல் நகம் அளவு வரும்படி பெரிதாக்கினார். தொண்ணூற்றாறு தாள். அப்படியும் ஒரு பக்கம் வாசிக்க அரை மணித்தியாலம், பிறகு தலையிடி. பாடமாக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை இருபது தரம் வாசிக்க வேண்டும். கண் தாங்காது.

"என்னட்டை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ. நான் வைச்சிருக்கிறன்" என்றேன்.

"எங்கை வைச்சிருக்கப் போறீர்?"

நான் மெட்ரோவில் போகும்போது பலகை வாசிக்க முடியாது. அதனால் ரயிலில் குரல் சொல்லும் நிலையப் பெயர்களைக் காதில் பிடித்து வைத்திருக்கிறேன். ஆரஞ்சுக் கோடு முழுவதையும், நமூர், பிளாமொண்டோன் என்று அந்தக் குரல் இழுக்கிற இழுவையோடு அவருக்குச் சொல்லிக் காட்டினேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் காதைப் பார்த்தார். அதாவது முகத்தைப் பார்த்தார்.

அன்றே தொடங்கினோம். காலை வெளிச்சத்தில் யன்னலோரம் இருந்து அவர் ஒரு பக்கத்தைத் தோண்டி எடுப்பார். எடுத்ததை இரண்டு தரம் சத்தமாகச் சொல்வார். அது எனக்குள் போய்விடும். பின்னேரம் நான் மகனாகக் கதைப்பேன், அவர் தாயாகப் பதில் சொல்வார். பாதி ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

"இல்லை. பிழை" என்பேன்.

"பொருள் ஒண்டுதானே, பாலா!"

"பொருள் எனக்குத் தெரியாது. சத்தம் தெரியும். நீங்கள் காலமை சொன்ன சத்தம் இது இல்லை. திரும்பச் சொல்லுங்கோ."

"ஹல்லில என்னை வேலை வாங்கின கிழவனும் இப்படித்தான் உயிரை எடுத்தவன்."

"அவனுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. இப்ப திரும்பச் சொல்லுங்கோ."

ஒரு இடம் மட்டும் எனக்குச் சரிப்படவில்லை. முப்பத்தோராம் பக்கம் முடிய மகன் கேட்கிறான்: வீட்டுக்கு என்னதான் முடிவு? அடுத்த பக்கம் தொடங்கவே தாய், சரி விற்றுவிடு என்கிறாள். அதுவரைக்கும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற பொம்பிளை!

"இவ ஏன் திடீரெண்டு மனம் மாறினவ?" என்று கேட்டேன்.

"இந்தக் காலத்து நாடகம் அப்படித்தான். காரணம் சொல்லமாட்டினம்."

"காரணம் இல்லாமல் ஒரு தாய் வீட்டை விடமாட்டாள். எழுதினவனுக்குத் தாய் இல்லையோ?"

"நாடகத்தைப் படியும் எண்டால், நீர் திருத்த வெளிக்கிடுறீர்."

நாங்கள் இருவரும் அதோடு விட்டுவிட்டோம். நான் விட்டிருக்கக் கூடாது.

சனிக்கிழமை வந்தது. முதல் நாளே நான் அவரோடு போய் அரங்கைக் காலால் அளந்துவிட்டேன். கதவிலிருந்து கதிரைக்கு ஆறு அடி, கதிரையிலிருந்து யன்னலுக்கு நாலு, யன்னலிலிருந்து விளிம்புக்கு ஒன்பது. எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. பெரிய எழுத்துப் பிரதி என் கைப்பைக்குள் இருந்தது.

"என்ன நடந்தாலும் அந்தப் பையைத் திறக்கக் கூடாது. எழுத்தின்ர அளவைக் கண்டால் கத்தரின் விளங்கிக்கொள்வாள்" என்று வாசலில் வைத்துச் சொன்னார் அக்கா.

அரங்கில் ஆட்கள் மூன்று பேர்தான்: கையில் பிரதியோடு கத்தரின், மகனாக நடிப்பவர், பின் வரிசையில் நான். அக்கா கதவால் வந்தார், ஆறு அடி வைத்தார், கதிரையின் முதுகில் கை வைத்தார். வாய் திறந்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. பின்னேரங்களில் என்னிடம் ஏச்சு வாங்கிய மனுஷி எங்கே போனார்? அங்கே நின்றது வேறு ஒருத்தி. அந்த வீடு அவளுடையது. ஒரு சொல் பிசகவில்லை. கத்தரின் பிரதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

மகன் கேட்டார்: வீட்டுக்கு என்னதான் முடிவு?

அக்கா சொன்னார்: சரி, விற்றுவிடு.

மகன் வாயைத் திறந்தபடி நின்றார். கத்தரின் பிரதியைப் புரட்டினாள்.

"இடையில ஒரு துண்டை விட்டிட்டியள்" என்றாள் பணிவாக.

"இல்லை. அதில ஒண்டும் இல்லை."

"இருக்கு, அக்னெஸ். ஒரு பக்கம் முழுக்க இருக்கு. முதல் சொல்லை எடுத்துத் தரட்டோ?" எடுத்துக் கொடுத்தாள்.

"அப்படி ஒரு வசனம் இந்த நாடகத்தில இல்லவே இல்லை" என்றார் அக்கா.

கத்தரினின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. பரிதாபம். மறதிக் கதை உண்மைதான் என்று அந்த முகம் சொன்னது. எனக்கு அது தாங்கவில்லை.

பையைத் திறந்தால் கண் விஷயம் வெளியே வரும். திறக்காவிட்டால் மறதிக்காரி என்று அனுப்பிவிடுவார்கள். அக்கா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கிற ஆள் இல்லை. பிரதியை வெளியே எடுத்தேன். எனக்குப் பக்க இலக்கம் வாசிக்கத் தெரியாது, ஆனால் தாள் எண்ணத் தெரியும். முப்பத்தோராவது தாளில் விரல் வைத்தபோதே விளங்கிவிட்டது. அது ஒரு தாளின் தடிப்பு இல்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். சரக் என்று இரண்டு தாள் பிரிந்தது. நடுவில் பாகு காய்ந்து, அதில் ஒரு எள்ளு ஒட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் போய்க் கத்தரினிடம் நீட்டினேன். "பார், பிள்ளை. அவ மறக்கேல்லை. இந்தப் பக்கத்தை அவ காணவே இல்லை."

கத்தரின் ஒட்டிய தாளைப் பார்த்தாள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"எவ்வளவு காலமா?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

"மூண்டு வருசம்" என்றார் அக்கா. குரல் அவருடைய சொந்தக் குரலாகிவிட்டது.

"அப்ப, இவ்வளவு நேரமும் மேடையில எப்படி நடந்தியள்?"

"எண்ணி."

"விளிம்பு எங்கை எண்டு தெரியுமோ?"

அக்கா யன்னல் பக்கம் போனார். திரும்பினார். எட்டு அடி வைத்தார், நின்றார். பாதத்துக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

கத்தரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. கேட்டுப்போட்டு முடிவு சொல்லுறன்."

"அரை மணித்தியாலத்தில அதை வாசிச்சு முடிக்கவே எனக்குக் காணாது" என்றார் அக்கா.

"அவ வாசிக்கத் தேவையில்லை" என்றேன் நான். "நீ வாசி, பிள்ளை. ரெண்டு தரம். அவசரப்படாமல் ஆறுதலா. எனக்கு வாசி."

கத்தரின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்றாலும் வாசித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்ச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் வரியில் அக்கா கையை உயர்த்தினார்.

"பொறும், பொறும். இதென்ன, இந்தப் பக்கம் மட்டும் தாய் பிரெஞ்சுக்காரி மாதிரிக் கதைக்கிறாள்?"

"கத்தரின் வாசிச்ச சத்தம் அதுதான். நான் என்ன செய்யிறது? நீங்கள் கழுவி எடுங்கோ."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஐந்து நிமிடத்தை வீணாக்கினோம். எட்டுத் தரம் சொன்னோம். ஒன்பதாம் தரம் அக்கா தனியாகவே சொன்னார்.

திரும்பப் போனோம். மகன் கேட்டார்: வீட்டுக்கு என்னதான் முடிவு? அக்கா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைச் சொன்னார். அதில் தாய் சொல்வது இதுதான்: வீட்டுக்கு என்ன முடிவு என்று காலையிலிருந்து கேட்கிறாய், நான் எங்கே போய் இருப்பேன் என்று ஒரு தரம் கேட்டாயா? மகன் தலை குனிகிறான். எங்கேயம்மா போய் இருப்பாய், என்று கேட்கிறான். அதற்குப் பிறகுதான் தாய் சொல்கிறாள்: சரி, விற்றுவிடு.

அதுதானே! காரணம் இருந்திருக்கிறது. எழுதியவனுக்கும் ஒரு தாய் இருந்திருக்கிறாள். பின் வரிசையில் இருந்து நான் பெரிதாகத் தலையாட்டினேன்.

ஒரே ஒரு சொல்லில் மட்டும் அக்காவின் வாயில் கத்தரினின் பிரெஞ்சு இழுவை எட்டிப் பார்த்தது. கத்தரின் தன் குரலைத் தானே கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள். விளிம்புக்கு இரண்டு அடி முன்னால், காலுக்குத் தட்டுப்படும்படி ஒரு கயிறு வைத்து, மேலே பாய் விரிக்கச் சொன்னாள். அதுதான் அவள் சொன்ன முடிவு.

சித்திரையில் பதினொரு நாள் நாடகம் நடந்தது. கடைசி மூன்று நாளும் நூறு கதிரையும் நிரம்பி, படியிலும் ஆட்கள் இருந்தார்கள். அக்காவின் கால் ஒரு நாளும் கயிற்றைத் தொடவில்லை. ஒரு பத்திரிகைக்காரர், இந்த நடிகை மற்றவர்களை நேரே பார்க்காமல் காதைப் பார்த்துக் கதைக்கிற பாணி புதுமையானது என்று எழுதினாராம். அதை அக்கா என்னைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

தாள்களை ஒட்டியது யார் என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. நான் கொண்டுபோன எள்ளுருண்டைப் பாகு என்கிறார் அக்கா. எள்ளுப் போட்ட பேகல் ரொட்டியில் மார்மலேட் பழப்பாகு பூசிக் காலமையில் தின்றது யார் என்று நான் கேட்கிறேன். மொன்றியலில் எள்ளு இல்லாத வீடு எது? அந்த எள்ளு யாருடையது என்று எள்ளுக்குத்தான் தெரியும்.

இப்போது ஆவணி. கத்தரின் திரும்பவும் தொலைபேசி எடுத்தாள், மார்கழியில் இன்னொரு நாடகம். இந்த முறை முழுதையும் கசற் நாடாவில் பேசிப் பதிந்து அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அக்கா என்னைக் கேட்டார்.

"கசற் பிழை பிடிக்காது" என்றேன்.

"அதுதான் அதில உள்ள நன்மை" என்றார் அக்கா. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நேற்றுத்தான் அந்தப் புது நாடகத்தை மருந்துக்கடை மெசினில் பெரிதாக்கிக் கொண்டுவந்தோம். மேசையைத் துடைத்தேன். பேகலையும் எள்ளுருண்டையையும் குசினிக்கு அனுப்பினேன். தாள்களை ஒவ்வொன்றாக உதறி எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு. பிறகுதான் யன்னலோரம் இருக்க விட்டேன்.

அக்கா பூதக்கண்ணாடியை வைத்து முதல் பக்கத்தைத் தோண்டினார். பிறகு சிரித்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"மணி அடிக்குது, பாலா. யாரோ ஒருத்தி போய்க் கதவைத் திறக்கிறாள்."

"திரும்பவும் கதவோ!"

"ஓம். ஆனால் வாசலில நிக்கிறது நான்."